ரங்கூன் மல்லியும் இரண்டு மாத நோட்டீஸும்

வாடகை வீட்டில் என்னென்ன செய்யக்கூடாது என்று எல்லா வீட்டுக்காரர்களிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மோட்டார் போடக்கூடாது. சொந்தக்காரர்கள் வந்தால் மூன்று நாளைக்கு மேல் தங்கக்கூடாது. 2019-ல் மடிப்பாக்கத்தில் நான் கையெழுத்துப் போட்ட பதினோரு மாத அக்ரிமெண்ட்டில் இதெல்லாம் வரிசையாக டைப் அடிக்கப்பட்டிருந்தது. செடி வைக்கக்கூடாது என்று மட்டும் இல்லை. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நானும் செடி வைக்கிற ஜாதி இல்லை. ஆபீசில் என் மேஜை மேல் ஒரு மணி பிளான்ட் இருந்தது. யார் கையிலும் சாகாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். செத்தது.

எல்லாம் எதிர்வீட்டால் வந்தது. பழைய ஓட்டு வீடு. அதில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். கேட்டின் மேல் இரும்பு வளைவு. வளைவு முழுக்க ஒரு கொடி ஏறி, தெருப்பக்கம் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்கும். பகலில் பார்த்தால் சிவப்பும் ரோஸுமாக இருக்கும். பார்த்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் இரவு ஆபீசிலிருந்து ஒன்பது ஒன்பதரைக்கு வண்டியைத் தெருவில் திருப்பும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள். அன்றைக்கு மேனேஜர் சொன்னது, நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது, எல்லாம் ஒரு நிமிஷம் மறந்து போகும். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நிற்பேன். கடைசியில் என் மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "தினமும் எதிர்வீட்டு வாசல்ல என்ன வேலை உங்களுக்கு?"

"பூ வாசனை."

"எழுபது வயசுத் தாத்தா மட்டும்தான் அங்க இருக்காருன்னு தெரிஞ்சதால நம்பறேன்."

ஒருநாள் பெரியவரே கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "தம்பி, ராத்திரியிலதான் வர்றீங்க. எப்பவாவது சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்க. இது வேற ஆளு" என்றார்.

ஒரு சனிக்கிழமை போய் நின்றேன். காலையில் மூடிக்கிடந்த மொட்டுகள் இருட்டுகிற நேரத்தில் விரிந்தன. எல்லாம் வெள்ளை. சுத்தமான வெள்ளை. "சிவப்புப் பூதானே இது?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். "இன்னிக்கு வெள்ளை. நாளைக்கு ரோஸ். நாளன்னிக்குச் சிவப்பு. ஒரே பூதான். பிள்ளைங்க வளர்ற மாதிரி."

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. இந்தப் பூவுக்கு அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மெல்லிய குழல் இருக்கும். தேன் அதன் அடியில் இருக்கிறது. சாதாரணப் பூச்சிக்கு எட்டாது. ஹாக் மாத் என்று ஓர் அந்துப்பூச்சி, உடம்பை விட நீளமான உறிஞ்சுகுழலைச் சுருட்டி வைத்துக்கொண்டு இருட்டில் அலையும். அதற்காகத்தான் முதல் நாள் ராத்திரி வெள்ளைச் சட்டையும் சென்ட்டும். வெள்ளைதானே இருட்டில் தெரியும்? மறுநாள் அந்தோசயனின் என்ற நிறப்பொருள் ஏற ஏறப் பூ ரோஸாகிறது, பிறகு சிவப்பாகிறது, தலையும் தொங்கிவிடுகிறது. அப்போது பகல் ஷிப்ட். தேனீ, பட்டாம்பூச்சி, தேன்சிட்டு வரும். ஒரே பூ நைட் ஷிப்ட், டே ஷிப்ட் இரண்டும் பார்க்கிறது. எங்கள் கம்பெனியில் இதைக் கேள்விப்பட்டால் எங்களிடமும் எதிர்பார்ப்பார்கள் என்பதால் நான் ஆபீசில் சொல்லவில்லை.

பேர் ரங்கூன் மல்லி. இது மல்லிகைக் குடும்பமே கிடையாது. மருதமரம், கடுக்காய் மரம் இருக்கிற குடும்பம். தெலுங்கில் ராதா மனோகரம், இந்தியில் மதுமாலதி. தாய்லாந்தில் இதற்கு 'பெண்ணின் விரல்நகம்' என்று அர்த்தம் வருகிற ஒரு பெயர். நம் ஊரில் மட்டும் பாஸ்போர்ட் விவரம் மாதிரி ஊர்ப்பேர்.

"அப்ப நீங்க ரங்கூன்லேர்ந்து கொண்டுவந்த செடியாய்யா?" என்று பெரியவரைக் கேட்டேன். அவர் பர்மாவிலிருந்து வந்தவர் என்பது தெருவுக்கே தெரியும்.

"எதையும் கொண்டு வர விடலை தம்பி" என்றார்.

1964-ல் கப்பலில் வந்தாராம். அப்போது ஒன்பது வயசு. 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்து, 1964 மார்ச்சில் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். அவருடைய அப்பாவின் சின்னக் கடையும் போனது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். (நமக்கு 2016-ல் வந்த அனுபவம் அவருக்கு ஒன்பது வயசிலேயே வந்துவிட்டது.) தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி மெட்ராஸில் இறங்கினார்கள். துணிமணியோடு வந்தோம் என்று அவர் சொன்னபோது மணி என்பது வெறும் பேச்சுக்குத்தான்.

"அங்க உங்க வீட்டு வாசல்ல இந்தக் கொடி இருந்துதா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் தம்பி ஞாபகம் இல்லை. இருந்த மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இந்த வீட்டைக் கட்டினப்ப நர்சரியில பேர் கேட்டேன். ரங்கூன்னு சொன்னான். வாங்கிட்டு வந்துட்டேன்."

இந்தச் செடிக்கு ரங்கூன் மட்டும் சொந்த ஊர் இல்லை. இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை தானாகவே வளருகிற கொடி. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

2021-ல் அந்த ஓட்டு வீட்டை ஒரு பில்டருக்குக் கொடுத்தாகிவிட்டது. கோயம்புத்தூரில் இருந்த மகன் முடிவெடுத்து அப்பாவை அழைத்துப் போக வந்துவிட்டார். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். கையில் கடப்பாரை. தாய்க்கொடியிலிருந்து ஓரடி தள்ளி மண்ணுக்கு வெளியே ஒரு கன்று எட்டிப் பார்த்தது. இந்தக் கொடிக்கு அது ஒரு பழக்கம். வேரிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கன்று விடும். குச்சியை வெட்டி நட்டாலும் வரும், ஆனால் வேர் பிடிக்க யோசிக்கும். பதியம் போடலாம். எல்லாவற்றையும் விட நம்பகமானது இந்த வேர்க்கன்றுதான். மண்ணோடு பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

"வெயில் படற இடமா வைங்க. பூத்தா ஒரு போன் பண்ணுங்க தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். பதினைந்து நாளில் ஜே.சி.பி. வந்தது. வளைவு, கேட்டு, கொடி எல்லாம் அரை நாள் வேலை. நான் ஆபீஸ் போய்விட்டேன். மனைவிதான் ஜன்னலைச் சாத்தினாளாம்.

இனி வீட்டுக்காரர் அனுமதி. போன் பண்ணினேன். "சார், வாசல் பக்கம் ஒரு கொடி விட்டுக்கலாமா?"

"கொடிதானே? தாராளமா கட்டிக்கோங்க. ஆணி மட்டும் அடிக்காதீங்க."

அவர் துணி காயப்போடுகிற கொடியை நினைத்துக்கொண்டார். எனக்கு அது அப்போதே புரிந்தது. புரியாத மாதிரி, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டேன். தமிழ் ஒரு வளமான மொழி.

காம்பவுண்ட் சுவர் ஓரமாக ஒன்றரை அடிக் குழி. செம்மண், மக்கின சாண எரு, கொஞ்சம் மணல். நட்டுவிட்டு நாலு நாள் தென்னை ஓலையில் நிழல் கட்டினேன். பிடித்துக்கொண்டது. துளிர் விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை.

நடக்கவில்லை என்றால், செடி இருக்கிறது. பச்சையாக இருக்கிறது. இரண்டடி உயரத்தில் கத்திரிச்செடி மாதிரி நிற்கிறது. கொடி என்பதற்கான ஓர் அறிகுறியும் இல்லை. அதற்காக நான் கட்டிவைத்த கயிறுதான் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மனைவி அதில் கைக்குட்டை காயப்போட ஆரம்பித்தாள். வீட்டுக்காரர் வார்த்தை பலித்தது.

ஆபீசில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒருவர், "யூரியா வைங்க சார், பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். ஒரு கைப்பிடி வைத்தேன். இலை பிய்த்துக்கொண்டு போனது. கரும்பச்சையில் பளபளவென்று. பூ விடுகிற எண்ணமே செடியிடம் தெரியவில்லை. தழைச்சத்து அதிகமானால் இலையாகவே தள்ளிக்கொண்டிருக்கும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். யூரியா சொன்னவர் வீட்டில் செடியே கிடையாது என்பதையும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொருவர், "அது மருந்துச் செடி சார், விதையைச் சாப்பிட்டா வயித்துல இருக்கற பூச்சியெல்லாம் செத்துரும்" என்றார். இது பாதி உண்மை. சீன வைத்தியத்தில் குழந்தைகளின் குடல் புழுவுக்கு இந்த விதையைத்தான் காலங்காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதில் குவிஸ்குவாலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி சொல்லும் ஏற்பாட்டில் நேராகப் போய்த் தட்டக்கூடியது. மூளை ஆராய்ச்சிக்காரர்கள் சோதனைச்சாலையில் பயன்படுத்துகிற சரக்கு. அளவு மீறினால் விக்கல், வாந்தி, மயக்கம். ஆகவே நண்பர்களே, நம் வயிற்றுப் பூச்சிக்கு டாக்டரிடம் போவோம். தவிர, விதைக்கு முன்னால் காய், காய்க்கு முன்னால் பூ, பூவுக்கு முன்னால் கொடி என்று ஒரு வரிசை இருக்கிறது. நான் இன்னும் கத்திரிச்செடியிலேயே நிற்கிறேன்.

கோயம்புத்தூருக்குப் போன் பண்ணினேன்.

"கொடி விடலியாய்யா."

"எத்தனை மாசம் ஆச்சு?"

"அஞ்சு."

"அது அப்படித்தான். முதல்ல செடியா நிக்கும். அடியில ஆழம் பார்த்துக்கிட்டு இருக்கும். திடீர்னு ஒருநாள் கிளம்பும். கயிறு பத்தாது, பைப் போட்டு வைங்க."

இதே விஷயத்தை முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். ரம்ஃபியஸ் என்று பேர். ஜெர்மனியில் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர், அதாவது நம்மைப் போல ஆபீஸ்காரர். இன்றைய இந்தோனேசியாவில் இருக்கிற அம்போன் தீவுக்கு போஸ்டிங். வேலை நேரம் போக மிச்சமெல்லாம் தீவில் இருக்கிற செடிகொடிகளை எழுதி, படம் வரைந்து வைப்பதே அவருக்கு வேலை. 1670-ல் கண்பார்வை போய்விட்டது. 1674-ல் நிலநடுக்கம், கடல் பொங்கியது, மனைவியும் மகளும் போனார்கள். 1687-ல் ஊரில் தீ, வரைந்த படங்கள் எரிந்தன. சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதி, திரும்ப வரைந்து, ஒருவழியாகக் கப்பலேற்றினால், 1692-ல் அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்துவிட்டார்கள். நல்லவேளை, அனுப்புவதற்கு முன்னால் கவர்னர் ஜெனரல் ஒரு காப்பி எடுத்து வைத்திருந்தார். காப்பி ஹாலந்து போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது. கம்பெனி அச்சுப்போட விடவில்லை. போட்டிக் கம்பெனிகளுக்கு வியாபார ரகசியம் தெரிந்துவிடுமாம். 1702-ல் மனுஷன் போய்ச் சேர்ந்தார். முதல் பாகம் வெளிவந்தது 1741-ல்.

இன்கிரிமென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது என்று நான் யூனியன் ரூமில் உட்கார்ந்து புலம்பிய அதே வாரத்தில்தான் இதைப் படித்தேன். அப்புறம் புலம்பவில்லை என்று சொல்லமாட்டேன். குரலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இந்தக் கொடிக்குத் தாவரவியலில் வந்த பழைய பேரும் அவர் புண்ணியம்தான். மலாயில் இதற்கு உதானி என்று பேர். டச்சுக் காதில் அது 'ஹூடானிக்' என்று விழுந்தது. அதற்கு 'எப்படிப்பட்டது?' என்று அர்த்தம். அதையே லத்தீனில் 'குவிஸ்குவாலிஸ்' ஆக்கினார். யார், எப்படிப்பட்டவர்? செடியா கொடியா, வெள்ளையா சிவப்பா என்று தெரியாத ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமாகப் பேர் வைக்க முடியாது. 1762-ல் லின்னேயஸ் இந்தப் பேரையே எடுத்துக்கொண்டார். இப்போது விஞ்ஞானிகள் கோம்பிரீட்டம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்குப் பழசே பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டுக்காரரும் பின்னால் இதே கேள்வியைத்தான் கேட்டார்.

ஏழாவது மாதம் கிளம்பியது.

கிளம்பியது என்றால் ஊர்வலம் கிளம்பின மாதிரி. அடித்தண்டிலிருந்து ஒரு கை நீளும் தளிர். வாரக் கடைசியில் பார்த்தால் என் உயரம். அடுத்த மாதம் சன்ஷேடு. இரும்புக் கடையில் இருபதடி ஜி.ஐ. பைப் வாங்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நட்டு, குறுக்கே கம்பி கட்டினேன். ஆணி அடிக்கவில்லை. அக்ரிமெண்ட் அக்ரிமெண்ட்தான். இது எப்படி ஏறுகிறது என்பதும் வேடிக்கை. அவரைக்கொடி மாதிரி சுற்றுகிற வேலை அதிகம் இல்லை, வேரால் சுவரைப் பிடிப்பதும் இல்லை. பழைய இலை உதிரும்போது காம்பின் அடிப்பாகம் மட்டும் நின்று முள்ளாகிவிடுகிறது. அந்த முள்ளை மாட்டி மாட்டி மேலே போகிறது. வேண்டாததை உதறும்போதே ஏணிப்படி செய்துகொள்கிற சாமர்த்தியம். என் பனியன் ஒன்று இதற்குப் பலி.

ஒரு வருஷமும் இரண்டு மாசமும் ஆனபோது, 2022 ஆகஸ்டில், நுனியில் பச்சைக் குச்சிகள் மாதிரிக் கொத்து. நான் அன்றைக்கு ஆபீசுக்கு அரை நாள் லீவு சொன்னேன். காரணம் என்று இருந்த கட்டத்தில் 'வீட்டு விசேஷம்' என்று எழுதினேன். ஆறேகாலுக்கு முதல் பூ விரிந்தது. போட்டோ எடுத்துக் கோயம்புத்தூருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். அடுத்த நிமிஷம் போன்.

"வெள்ளையா இருக்கறப்பவே எடுத்துட்டீங்களா?"

"ஆமாங்கய்யா."

"வாசனை?"

"ம். வருதுங்க."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேன், இருக்கேன்" என்றார். "இங்க பத்தாவது மாடி தம்பி. கொசு கூட வராது."

அடுத்த மாதம் வாடகை வாங்க வீட்டுக்காரர் நேரில் வந்தார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "என்ன சார் இது?"

"கொடி சார். நீங்கதான் விட்டுக்கச் சொன்னீங்க."

அவர் முகத்தில் எல்லாக் கொடிகளும் வந்து போயின. "பாம்பு வரும் சார். சுவர் விரிசல் விடும். பெயின்ட் போயிரும்." சுவருக்கும் கொடிக்கும் நடுவில் கையை விட்டுக் காட்டினேன். ஒரு முழம். சுவரை அது தொடவே இல்லை. பாம்புக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியவில்லை. கீழே குப்பை சேராமல் பார்த்துக்கொள்கிறேன், வருஷா வருஷம் பூத்து ஓய்ந்ததும் கவாத்து பண்ணிவிடுகிறேன் என்றேன். கவாத்து அவருக்காக மட்டுமில்லை. புதுத் தளிரின் நுனியில்தான் இது பூக்கும். வெட்டாமல் விட்டால் நடுவில் வெறும் குச்சிக்காடாகிப் பூவெல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விடும். வீட்டுக்காரர் அரை மனசாகப் போனார். வாடகையில் ஐந்நூறு ஏறியது. கொடிக்காகவா, வழக்கமாக ஏறுவதா என்று இன்றைக்கும் தெரியாது.

இரண்டு வருஷம் நன்றாகப் பூத்தது. ராத்திரி என் தெருவில் வண்டியைத் திருப்புகிறவர்கள் சிலர் எங்கள் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எதிரே இருந்த ஓட்டு வீட்டு இடத்தில் நாலு மாடி வந்துவிட்டது. பேர் ஏதோ கார்டன்ஸ்.

2024-ல் நோட்டீஸ். வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறார், இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர் வீடு. பாத்திரம் பண்டத்தை ஏற்றலாம், கட்டிலைக் கழற்றலாம். கட்டை விரலை விடத் தடித்த தண்டோடு சன்ஷேடு வரை போன கொடியை எந்த மூவர்ஸ் அண்ட் பேக்கர்ஸ் ஏற்றுவான்? பெரியவர் செய்ததையே செய்தேன். ஓரடி தள்ளி ஒரு கன்று வந்திருந்தது. கடப்பாரையை இரவல் வாங்கி, மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றினேன். தாய்க்கொடியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்து, "தண்ணி மட்டும் ஊத்துங்க சார்" என்றேன். "பார்த்துக்கலாம்" என்றார்.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. ராத்திரி எட்டு மணி. திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தேன். வாசனை இல்லை. வாசலில் கார் நிறுத்த டைல்ஸ் போட்டு, மேலே தகரக் கூரை இறக்கியிருந்தார்கள். என் ஜி.ஐ. பைப் கூரைக்குத் தூணாக நின்றது. நல்ல பைப்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வழக்கம்போலப் போன் பண்ணினார். "மடிப்பாக்கத்துல அது நல்லா இருக்கா தம்பி?"

"இருக்குங்கய்யா. கூரை வரைக்கும் போயிருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாயில் வந்துவிட்டது.

இப்போது நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. பால்கனியில் மேற்கு வெயில் ஐந்து மணி நேரம் விழுகிறது. அது போதும் என்று நினைக்கிறேன். ஒரு நீல டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, கன்றை அதில் வைத்திருக்கிறேன். தொட்டியில் என்றால் மண் சீக்கிரம் காயும், காலையில் ஒரு தடவை தண்ணீர் அவசியம். இரண்டடி உயரம். பச்சையாக இருக்கிறது. கத்திரிச்செடி மாதிரியே இருக்கிறது. யூரியா வைக்கவில்லை.

இந்த வீட்டு அக்ரிமெண்ட்டைக் கையெழுத்துக்கு முன்னால் வரி விடாமல் படித்தேன். ஒன்பதாவது ஷரத்து: 'பால்கனியில் கொடி கட்டக்கூடாது.' எனக்குத் திக்கென்றது. வீட்டுக்கார அம்மாவிடம், "இது எந்தக் கொடிங்கம்மா?" என்று கேட்டேன்.

"கட்சிக் கொடிப்பா. முன்னாடி இருந்தவர் எலெக்‌ஷன் சமயத்துல பெரிய தொந்தரவு."

உடனே கையெழுத்துப் போட்டேன்.

நேற்றும் கோயம்புத்தூரிலிருந்து போன். "கொடி விட்டுச்சா?"

"இன்னும் இல்லீங்கய்யா. செடியாத்தான் நிக்குது."

"நிக்கட்டும், நிக்கட்டும். அது கிளம்பற வரைக்கும் நீங்க வீடு மாத்திடாதீங்க தம்பி."